மணலும் கோப்பும்

சிறுதீவு நாடுகளின் சூழல் திட்டமிடலில் காலநிலை மாற்றத்தின் இடம் குறித்து நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

1987 ஏப்ரலில் மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குள் கடல் புகுந்தது. உள்ளூரில் புயல் ஏதும் இல்லை. குமரிக் கடற்கரை மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பார்களே, அந்த வகை அலைகள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ கிளம்பி, நெடுந்தூரம் சத்தமில்லாமல் வந்து, கரையில் ஏறியபோதுதான் தங்கள் வலுவைக் காட்டின. கடலைத் தூர்த்துப் புதிதாக உண்டாக்கியிருந்த நிலம் கரைந்தது. விமான நிலையம் இருந்த ஹுல்ஹுலே தீவும் தப்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் நின்று, கடல்மட்டம் உயர்ந்தால் தன் நாடே இல்லாமல் போகும் என்று முறையிட்டார்.

அந்த முறையீடு வீண்போகவில்லை. 1989 நவம்பரில் சிறு நாடுகளின் கடல்மட்ட மாநாடு மாலேவிலேயே கூடியது. அடுத்த ஆண்டு சிறுதீவு நாடுகளின் கூட்டணி பிறந்தது. இன்று 39 உறுப்பினர்களோடு, காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் தன் உருவத்தைவிடப் பல மடங்கு உரத்த குரலோடு அது இயங்குகிறது. புவி வெப்ப உயர்வு 1.5 பாகையைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2015 பாரிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்றதில் அக்கூட்டணியின் விடாப்பிடிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 1987 வெள்ளத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஐ.நா. உரைக்கு அது தேவைப்படவில்லை. மாலேவைச் சுற்றி ஆழமில்லாத பவளத்தளம் ஒன்று இருந்தது. அலை அதன்மேல் உராய்ந்து, உடைந்து, வலு குன்றித்தான் கரையைத் தொடும். மக்கள் பெருகப் பெருக, அந்தத் தளத்தின் மேலேயே மண்ணைக் கொட்டி நகரத்தை அதன் விளிம்புவரை நகர்த்தியிருந்தார்கள். அலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி காணாமல் போயிற்று. பிறகு ஜப்பான் கொடுத்த உதவியில் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி நகரைச் சுற்றி அலைத்தடுப்பு எழுப்பப்பட்டது. இயற்கை இலவசமாகச் செய்த வேலையை அதன்பின் கான்கிரீட் செய்தது. ஆண்டுக்கணக்கில், பெரும் செலவில்.

இரண்டு காரணங்களும் உண்மை. கடல் உயர்கிறது, அதற்கு மாலத்தீவின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பவளத்தளத்தைத் தூர்த்தது உள்ளூர் முடிவு. அதற்கு வேறு எவரும் பொறுப்பில்லை. முதல் காரணத்தை உலகத்திடம் சொல்வதில் சிறுதீவு நாடுகள் தேர்ந்துவிட்டன. இரண்டாவதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது. தேசியச் சூழல் திட்டமிடலில் காலநிலை மாற்றத்தை இணைப்பது என்று அறிக்கைகளில் வரும் அலங்காரத் தொடருக்கு நடைமுறையில் உள்ள பொருள், இந்த இரண்டாவது பேச்சைக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான்.

மாலத்தீவை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. திட்டம் எழுதுவதில் அந்த நாட்டைக் குறைசொல்ல முடியாது. முதல் தேசியச் சூழல் செயல்திட்டம் 1989இல். சூழல் பாதுகாப்புச் சட்டம் 1993இல். இரண்டாவது செயல்திட்டம் 1999இல், மூன்றாவது 2009இல். இடையில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக்கான முதல் தேசிய அறிக்கையும், தகவமைப்புச் செயல்திட்டமும் வந்தன. 2021இல் காலநிலை அவசரநிலைச் சட்டமே வந்துவிட்டது. வெளியுதவி கிடைத்தால் 2030க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவோம் என்ற இலக்கோடு. 2009இல் அதிபர் முகமது நஷீதும் அமைச்சர்களும் முக்குளிப்பு உடையில் கடலடியில் உட்கார்ந்து நடத்திய அமைச்சரவைக் கூட்டத்தை உலகமே பார்த்தது. ஆவணப் பஞ்சமும் இல்லை, அக்கறைப் பஞ்சமும் இல்லை. அப்படியிருந்தும் தீவுகளின் கரை அரிக்கிறது, நிலத்தடி நீர் உப்பாகிறது, கண்டல் காடு மண்ணுக்கடியில் போகிறது. ஏன் என்பதுதான் விஷயம்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு பவளத்தீவு எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும். மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள். வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. மொத்த நிலமே 300 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஐந்தில் நான்கு பங்கு, கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. இந்த நிலம் மலையிலிருந்து ஆறு கொண்டுவந்த வண்டல் இல்லை. முழுக்க முழுக்க உயிர்கள் செய்த மணல். பவளம், சிப்பி, சுண்ணாம்புப் பாசி எல்லாம் உடைந்து நொறுங்கிச் சேர்ந்தது. அதிலும் கிளிமீன் என்ற ஒன்றின் பங்கு வியப்பானது. அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டி, அதிலுள்ள பாசியைத் தின்று, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கும் மீன் அது. பா என்ற பவளத்தீவு வளையத்திலுள்ள வக்காரு தீவைச் சுற்றிய பவளத்தளத்தில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் கொடை என்று அது கணக்கிட்டது. மீன்வளத் துறையின் பிடிப்பு விதிக்கும் ஒரு தீவின் கரைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் மீன் ஒரு துறையில், கரை இன்னொரு துறையில்.

அந்த மணல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் தீவின் ஒரு பக்கத்தில் சேரும். வடகிழக்குக் காற்று வந்ததும் மறுபக்கம் போகும். ஆண்டுதோறும் தீவைச் சுற்றிவரும் இந்த மணலை நம்பித்தான் தீவு கடலோடு ஈடுகொடுக்கிறது. பசிபிக் தீவுகளைப் பழைய வான்படங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிட்ட பால் கென்ச் குழுவினர் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். துவாலுவின் 101 தீவுகளில், 1971க்கும் 2014க்கும் இடையே கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருந்தபோதும், மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. சில தீவுகள் தேய்ந்தன, பல வளர்ந்தன, அநேகமாக எல்லாமே இடம் மாறின. காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இதைக் கொண்டாடியது அபத்தம். நிலம் இருந்தாலும் அலை அதன்மேல் ஏறி நிலத்தடி நீரை உப்பாக்கினால் அங்கே மனிதர் வாழ முடியாது; பவளம் வெந்து செத்தால் மணல் வருவதே நின்றுவிடும். 1998 வெப்ப அலையில் மாலத்தீவின் ஆழமற்ற பவளத்தில் பெரும்பகுதி செத்தது. மீண்டு வந்ததை 2016 மறுபடி வெளுக்கவைத்தது. கென்ச் குழுவின் ஆய்வு சொல்லும் செய்தி வேறு. மணல் நகர இடம் கொடுத்தால் தீவுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சுவரை எழுப்பி நிறுத்தினால் அந்த அவகாசமும் போகும்.

மாலத்தீவின் மக்கள் வாழும் தீவுகளில் பொதுப்பணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது துறைமுகம். படகு அணைய ஆழமான இடம் வேண்டும். நோயாளியை இறக்க வேண்டும். மீனை ஏற்ற வேண்டும். கேட்பது நியாயம்தான். ஆனால் பவளத்தளத்தை வெட்டி, அலைத்தடுப்புக் கட்டி, தோண்டிய மண்ணைக் கரையோரம் கொட்டியதும் மணலின் சுற்றுப்பாதை அறுந்துபோகிறது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் அரிப்பு. அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு. அதன் மறுபக்கத்தில் புதிய அரிப்பு. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மக்களுக்கு இந்தச் சங்கிலியை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதலாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தேறிவிடும். அரிப்பு முழுவதையும் ஒரே கோப்பாகப் பார்க்கும் மேசைதான் இல்லை.

மன்னார் வளைகுடா இதே பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

மாலத்தீவும் ஒருகாலத்தில் வீட்டுச் சுவருக்குப் பவளத்தைத்தான் வெட்டியது. கட்டுப்பாடு வந்ததும் சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் கப்பலில் வரத் தொடங்கின. இந்தியா அந்த நாட்டுக்கென்று தனி ஏற்றுமதி ஒதுக்கீடே வைத்திருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். அந்த ஆண்டுக்கான அத்தியாவசியப் பொருள்கள் போக அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. காய்கறியும் பலசரக்கும் ஏற்றிய தோணிகள் அங்கிருந்து மாலே போவது நெடுநாள் வழக்கம். மாசிக்கருவாடு வந்த பாதையும் அதுவே. ஒரு நாடு தன் பவளத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு நாட்டு ஆற்றின் மணல் தேவைப்படுகிறது. தகவமைப்பு அறிக்கைகளின் பெரும்பாலான அட்டவணைகளில் இந்த வரவு செலவு வருவதில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை இந்த வரலாற்றின் திருப்பமாகச் சொல்லலாம். அது காலநிலை நிகழ்வு அல்ல; நிலநடுக்கத்தின் விளைவு. ஆனால் தாழ்ந்த தீவு ஒன்றின்மேல் கடல் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே நாளில் ஒத்திகை காட்டியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. ரா வளையத்தில் கந்தொலுதூ என்ற தீவு இருந்தது. மிக நெருக்கமாக வீடுகள் கட்டிய மீனவர் தீவு. அது வாழத் தகுதியற்றுப்போனது. மக்கள் பல தீவுகளில் தற்காலிகக் குடில்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆளில்லாமல் இருந்த துவாஃபருவில் செஞ்சிலுவைச் சங்கம் 600 வீடுகள் கட்டித் தந்தபின், நான்கு ஆண்டுகள் கழித்து, ஊர் முழுவதும் ஒன்றாகக் குடிபெயர்ந்தது. உலகம் பின்னாளில் திட்டமிட்ட இடப்பெயர்வு என்று மாநாடு போட்டு விவாதித்ததை அவர்கள் அதற்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் ‘பாதுகாப்பான தீவுகள்’ என்ற கொள்கை வேகம் பிடித்தது. சில தீவுகளைத் தேர்ந்து, உயர்த்தி, விரிவாக்கி, கரையோரம் மரவரிசை விட்டு, வடிகால் அமைத்து, சிறு தீவுகளின் மக்களை அங்கே குடியேற்றுவது திட்டம். தா வளையத்தின் விலுஃபுஷி அப்படித்தான் பல மடங்கு பெரிதாக்கப்பட்டது. பொறியியலாக யோசித்தால் பொருத்தமான திட்டம். அரசியலாக யோசித்தால் ஒவ்வொரு தீவும் ஒரு வாக்கு வங்கி. ‘உங்கள் தீவு பட்டியலில் இல்லை’ என்று எந்த வேட்பாளர் போய்ச் சொல்வார்? 2008இல் ஆட்சி மாறியபோது முன்னுரிமையும் மாறியது. 190 தீவுக்கும் துறைமுகம், 190 தீவுக்கும் மின்நிலையம், 190 தீவுக்கும் பள்ளி என்ற கணக்கு அப்படியே தொடர்கிறது. இரண்டில் எது சரி என்பதற்கு எளிய விடை இல்லை. சிதறி வாழ்வதில் பண்பாடும் மீன்பிடியும் அடங்கியிருக்கின்றன. அந்தத் தேர்வைச் சூழல் அமைச்சகத்தின் ஆவணத்தால் செய்ய முடியாது என்பது மட்டும் உறுதி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாலத்தீவில் இதுவரை நடந்தவற்றுள் ஆகப் பெரிய காலநிலைத் தகவமைப்பு எது என்று கேட்டால், ஹுல்ஹுமாலே என்ற செயற்கைத் தீவைத்தான் சொல்ல வேண்டும். 1997இல் அதற்குக் கடலைத் தூர்க்கத் தொடங்கியபோது நோக்கம் காலநிலை அல்ல. 2 சதுர கிலோமீட்டருக்குள் மூச்சுத் திணறிய மாலேவின் வீட்டு நெருக்கடி. முதல் கட்டத்தில் 188 ஹெக்டேர், 2015இல் முடிந்த இரண்டாம் கட்டத்தில் 240 ஹெக்டேர். கடல்மட்டத்துக்குச் சுமார் 2 மீட்டர் உயரத்தில் அதை அமைத்தார்கள்; நாட்டின் பெரும்பாலான இயற்கைத் தீவுகளைவிட அது உயரம். இன்று நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் தலைநகர்ப் பகுதியில் வாழ்கிறார்கள். அவர்கள் அங்கே போனது கடலுக்குப் பயந்து அல்ல, மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும். வீட்டுவசதித் துறையின் ஒரு உயர அளவு, காலநிலை ஆவணங்கள் பலவற்றைவிட அதிகம் சாதித்திருக்கிறது. ஆனால் அந்த 2 மீட்டர் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும்? உமிழ்வு மிகக் கூடினால் 2100க்குள் உலகக் கடல்மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2021 அறிக்கை. அதன்மேல் அலை ஏற்றத்தையும் கள்ளக்கடலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2007 மே மாதத்தில் வந்த அலைகள் மூன்றே நாளில் 68 தீவுகளுக்குள் புகுந்தன.

தூர்ப்பதற்கு ருசி பழகிவிட்டால் நிறுத்துவது கடினம். 2017இல் அரசுக்குச் சொந்தமான கட்டுமான நிறுவனம் நெதர்லாந்தில் கட்டிய மணல் உறிஞ்சும் கப்பல் ஒன்றை வாங்கியது. பெயர் ‘மஹா ஜர்ராஃபு’. சொந்தக் கப்பல் இருந்தால் வாடகை மிச்சம் என்பது ஒரு கணக்கு. அது சும்மா நின்றால் நட்டம் என்பது அதனுள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கு.

குல்ஹுதுஃபுஷியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வடக்கே உள்ள அந்தத் தீவின் கண்டல் சதுப்பு நாட்டின் பெரியவற்றுள் ஒன்றாக இருந்தது. மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் கிண்ணம். பெண்கள் தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரித்ததும் அதன் கரையில்தான். அதன் ஒரு பெரும்பகுதியைத் தூர்த்து விமான நிலையம் கட்டினார்கள், 2019இல் திறந்தார்கள். அதே வளையத்தில் ஹனிமாதூவில் ஏற்கெனவே ஒரு விமான நிலையம் இருந்தது. சூழல் அதிகாரிகள் எதிர்த்தும் வேலை நடந்தது என்பதையும், ஊர்க்காரர்களின் வாழ்வு எப்படி மாறியது என்பதையும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2023இல் அறிக்கையாக்கியது. நாட்டின் தெற்குக் கோடியில் அட்டு. 2020இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வளையம். சில ஆண்டுகளில் அங்கும் பெரிய அளவில் தூர்ப்பு வேலை. பணம் இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடன். ஒரே இடத்துக்கு ஒரு கோப்பு பாதுகாப்பு என்கிறது, இன்னொரு கோப்பு மணல் என்கிறது. இரண்டிலும் அரசு முத்திரை.

தண்ணீரில் கதை கொஞ்சம் மாறுகிறது. பவளத்தீவில் ஆறும் ஏரியும் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும்; அலை புகுந்தால் மேலேயிருந்து உப்பு இறங்கும்; கழிவுநீர் தொட்டியிலிருந்து கசிந்தால் கேட்கவே வேண்டாம். மாலேவின் கிணறுகள் அப்படித்தான் கெட்டன. நகரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மாறியது. 2014 டிசம்பர் 4ஆம் தேதி அந்த ஆலையில் தீப்பிடித்தது. லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்தின் குழாய்கள் ஒரே நாளில் வறண்டன. இந்திய விமானப்படை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொண்டுபோனது. ‘ஐஎன்எஸ் சுகன்யா’ கப்பல் தன் குடிநீர் இயந்திரத்தோடு துறைமுகத்துக்குப் போனது. கடல்மட்டம் ஒரு அங்குலம்கூட உயராமல், ஒரே ஒரு தீவிபத்து அந்த நாட்டின் பலவீனத்தைக் காட்டிவிட்டது.

அந்தப் பாடம் படிக்கப்பட்டது என்றே சொல்லலாம். பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு 49 வெளித்தீவுகளில் மழைநீர், நிலத்தடி நீர், ஆலை நீர் மூன்றையும் ஒரே ஏற்பாட்டில் கொண்டுவரும் திட்டத்துக்கு 2015இல் ஒப்புதல் கிடைத்தது. வறண்ட மாதங்களில் மாலேவிலிருந்து கப்பலில் தண்ணீர் அனுப்பிய செலவை யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும். துறைகள் ஒன்றுசேர்வது பெரும்பாலும் இப்படித்தான். கொள்கை மேலுள்ள பற்றால் அல்ல, பில் தொகையைப் பார்த்த அதிர்ச்சியால். மின்சாரத்திலும் அதே கதை. தீவுக்குத் தீவு டீசல் எரித்த நாடு சூரிய மின்சாரத்துக்குத் திரும்பக் காரணம், உலக வங்கியின் உத்தரவாதத்தோடு விடப்பட்ட ஏலங்களில் ஒரு யூனிட் விலை 21 அமெரிக்க சென்ட்டிலிருந்து ஆறே ஆண்டுகளில் 11 சென்ட்டுக்கு இறங்கியதுதான்.

பணம் என்று வந்துவிட்டால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 2011 ஜனவரி 1இல் மாலத்தீவு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து ‘முன்னேறி’ வெளியேறியது. தகவமைப்புக்கென்று அந்தப் பட்டியல் நாடுகளுக்கு மட்டும் உரிய நிதி வாசல் அன்றோடு மூடத் தொடங்கியது. சுற்றுலா வருமானத்தால் சராசரி கூடிய நாடு, கடலின் கண்ணுக்கு அதே தாழ்ந்த நாடுதான். இந்த அநீதியைப் பற்றிச் சிறுதீவுகள் எழுப்பும் குரலில் முழு நியாயம் இருக்கிறது.

அதே நேரம், 2021இல் சூழல் அமைச்சராக இருந்த அமினாத் ஷௌனா, தேசிய வரவு செலவில் பாதி காலநிலைத் தகவமைப்புக்கே போகிறது என்று வெளிநாட்டுத் தொலைக்காட்சியிடம் சொன்னார். துறைமுகம், கடல்சுவர், தூர்ப்பு, குடிநீர், கழிவுநீர் என எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தொகை வரக்கூடும். ஆனால் பவளத்தளத்தை வெட்டிய துறைமுகமும் தகவமைப்பு, அதனால் வந்த அரிப்புக்குக் கட்டிய சுவரும் தகவமைப்பு என்றால், அந்தத் தலைப்பே கணக்குக்கு உதவாது. எது ஆபத்தைக் குறைத்தது, எது கூட்டியது என்று பிரித்துக் காட்டும் இரண்டு பத்திகள் அந்த நிதிநிலை அறிக்கையில் தேவைப்படுகின்றன. 2015இல் தொடங்கிய பசுமை வரி, சுற்றுலாப் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலராக இருந்தது. 2025 ஜனவரியில் உல்லாச விடுதிகளுக்கு அது 12 டாலர் ஆனது. உள்ளூரிலேயே திரளும் பணம். வெளிநாட்டுக் கொடையாளர் நிபந்தனை போட முடியாத பணம். அதை எந்தத் தலைப்பில் செலவழித்தார்கள் என்பதில்தான் ஒரு நாட்டின் உண்மையான காலநிலைக் கொள்கை எழுதப்பட்டிருக்கும்.

மற்ற தீவுகள் இதை எப்படிக் கையாண்டன? தொங்கா 2010இல் காலநிலையையும் பேரிடரையும் ஒரே தேசியச் செயல்திட்டமாக்கியது. பசிபிக்கில் முதல் முயற்சி. இரண்டு குழு, இரண்டு கூட்டம், ஒரே பத்து அதிகாரிகள் என்ற கேலிக்கூத்து ஒரு லட்சம் பேர் வாழும் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்களுக்கு உறைத்தது. கிரிபாட்டி 2003லேயே தகவமைப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஒருங்கிணைக்கும் பொறுப்பை அதிபர் அலுவலகத்தில் வைத்தது. அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் செய்த வேலைகளில் ஒன்று, தெற்குத் தாரவாவின் குடிநீர்க் குழாய்களில் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்தது. மேடையில் பேச ஏற்ற வேலை அல்ல. ஆனால் அங்கே ஒரு குடம் நன்னீர் என்பது வறட்சிக்கு எதிரான ஒரு குடம் காப்பீடு. அதே கிரிபாட்டி 2014இல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியபோதுதான் உலகப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன.

ஃபிஜியின் வூனிதோகோலோவா கிராமம் 2014இல் மேட்டுக்கு இடம்பெயர்ந்தது, தங்கள் குலத்துக்குச் சொந்தமான நிலத்துக்குள்ளேயே. அந்த அனுபவத்துக்குப் பின் 2018இல் இடப்பெயர்வு வழிகாட்டி நெறிமுறை எழுதினார்கள். முதலில் செய்துபார்த்து, பிறகு விதி எழுதிய வரிசை கவனிக்கத்தக்கது. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்துள்ள மொரீஷியஸ், 2020 காலநிலைச் சட்டத்தில் அமைச்சர்கள் குழுவைப் பிரதமர் தலைமையில் வைத்தது. செஷல்ஸ் போன வழி தனி. கடன் கொடுத்தவர்களோடு 2 கோடி டாலருக்கு மேல் கடனை மாற்றி எழுதி, அதற்கு ஈடாகத் தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக ஒப்புக்கொண்டது. 2020இல் அறிவித்தும் காட்டியது. சூழல் வாக்குறுதி கடன் பத்திரத்தில் ஏறியதும் நிதியமைச்சருக்கும் அது நினைவில் நின்றது. வெளியார் பிடியில் கடல் போகிறதோ என்ற சந்தேகம் அங்கே எழாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடும் ஆளின் மேசைக்குக் காலநிலையைக் கொண்டுபோன வழிகளில் அது ஒன்று.

இந்த நாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தத் துறையிடம் பொறுப்பு இருந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலான முடிவுகள் அமைந்திருக்கின்றன. சூழல் துறையிடம் இருந்த இடத்தில் அறிக்கைகள் வந்தன. அதிபரிடமோ நிதித்துறையிடமோ இருந்த இடத்தில், அரைகுறையாகவேனும், குழாயும் வரியும் விதியும் வந்தன.

மாலத்தீவின் இன்றைய அதிபர் முகமது முய்சு சிவில் எஞ்சினியர். முன்பு வீட்டுவசதி அமைச்சர். கடல் விழுங்கினால் வேறு நாட்டில் நிலம் வாங்குவோம் என்று நஷீத் 2008இல் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்நிய நிலம் எதுவும் வேண்டாம், கடலைத் தூர்த்தே வாழ்ந்துகொள்வோம் என்பது அவர் நிலை. அழியப்போகும் நாடு என்ற பட்டத்தைச் சுமந்து சலித்த மக்களுக்கு அந்தத் தன்மானப் பேச்சு பிடித்ததில் ஆச்சரியமில்லை. முதன்முறையாக மணல் உறிஞ்சும் கப்பலையும் காலநிலைக் கொள்கையையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் பேசுகிறார் என்பதும் உண்மை. அந்த அளவில் இணைப்பு நடந்துவிட்டது.

ஆனால் இணைந்தது எதனோடு எது? மாலேவுக்கு அருகே ராஸ்மாலே என்ற புதிய நகரத்துக்காக 1,153 ஹெக்டேர் தூர்க்கத் திட்டம். ஹுல்ஹுமாலேயின் இரண்டு கட்டங்களையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது. அத்தனை மணலும் சுற்றியுள்ள கடலடியிலிருந்துதான் வர வேண்டும். உறிஞ்சும்போது கலங்கும் சேறு எந்தப் பவளத்தின்மேல் படியும், தோண்டிய குழிக்குப் பக்கத்துத் தீவுகளின் மணல் எவ்வளவு நழுவும், கிளிமீன் மேயும் பாறைகளில் எத்தனை மிஞ்சும் என்று ஒவ்வொரு பருவக்காற்றிலும் அளந்துபார்க்கவே சில ஆண்டுகள் பிடிக்கும். முய்சு பதவியேற்றது 2023 நவம்பர் 17இல். ராஸ்மாலேவுக்கான தூர்ப்பு வேலை அடுத்த மாதமே தொடங்கிவிட்டது.